தொலைந்த கடவுச்சீட்டும் தொலையாத பதிவும்

கடல் கடந்த ஊரில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளையிடமிருந்து அகாலத்தில் தொலைபேசி அழைப்பு வந்தால், வீட்டிலுள்ளோர் முதலில் நினைப்பது நோயையும் விபத்தையுமே. "உடம்புக்கு ஒன்றுமில்லை" என்ற சொல் காதில் விழுந்ததும் போன உயிர் திரும்பி வருகிறது. ஆனால், "பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டேன்" என்பது அடுத்த சொல்லாக வருமானால், வந்த நிம்மதி மறுபடியும் போய்விடுகிறது. நோய்க்கு வைத்தியர் உண்டு என்பதை யாவரும் அறிவர். இதற்கு யாரிடம் போவது, எதைக் கேட்பது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், திருவனந்தபுரத்தில் வலியசாலையில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் ஓர் இரவு நம் வீட்டுக் கதவைத் தட்டினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, சாலைக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாகப் பலசரக்கு வாணிபம் செய்யும் குடும்பம் அது. அவருடைய அண்ணன் மகன் ஷார்ஜாவில் கணக்கராக வேலை பார்த்து வந்தான். வாடகைக் காரில் கைப்பையை மறந்து விட்டுவிட்டான். கடவுச்சீட்டும், அடையாள அட்டையும், பணமும் அதனோடு போயின. இங்கோ, அவனுடைய தந்தைக்கு இதய அறுவை சிகிச்சை, நாள் குறித்தாகிவிட்டது, இடையே ஒன்பது நாட்களே இருந்தன. "சார், நீங்கள் மத்திய சர்க்காரில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறீர்கள். தூதரகத்துக்கு உருக்கமாக ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும்" என்று அவர் கைகூப்பினார்.

உருக்கமாக எழுதுவது கடினமன்று. ஆனால் இவ்விஷயத்தில் உருக்கமான கடிதத்தால் ஆகக்கூடியது மிகக் குறைவு. சரியான நான்கு எண்களால் ஆகக்கூடியது மிக அதிகம். இதனை அவருக்கு அன்றிரவு விளக்கினோம். அன்று அவருக்குச் சொன்னதையும், அதன்பின் பிற குடும்பங்களின் தாள்களைப் புரட்டிப் பார்த்ததில் நாம் கற்றதையும் இங்கே ஒழுங்குபடுத்திக் கூற முற்படுகிறோம். சொந்த மாநிலத்தை விட்டு வேறு மாநிலத்தில் வாழும் தமிழர்களுக்கு இது சற்றுக் கூடுதலாகவே தேவைப்படும். ஏனெனில் அவர்களுடைய சான்றுகள் ஓரிடத்தில் இருப்பதில்லை. பிள்ளை வளைகுடாவில், பெற்றோர் திருவனந்தபுரத்தில், பிறப்புப் பதிவு திருநெல்வேலியில், பள்ளிச் சான்று மலையாளத்தில். இந்த நான்கையும் ஒரு நூலில் கோப்பதே காரியம்.

முதலாவதாக, தொலைந்தது எது என்பதைத் தெளிவாக அறிதல் வேண்டும். மக்கள் பேச்சு வழக்கில் "பேப்பர் எல்லாம் போய்விட்டது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் அங்கே மூன்று தனித்தனிப் பொருள்கள் உள்ளன. கடவுச்சீட்டு நம் நாட்டு அரசாங்கம் கொடுத்தது. விசாவும் வசிப்பு அனுமதியும் அந்நாட்டு அரசாங்கம் கொடுத்தவை. வேலை ஒப்பந்தம், அங்கே வரவழைத்த நிறுவனம் கொடுத்தது. ஒவ்வொன்றையும் கொடுத்தவர் எவரோ, அவரே அதற்கு மாற்றும் கொடுக்க முடியும். இந்தியத் தூதரகம் அந்நாட்டு விசாவை மீட்டுத் தர இயலாது. அந்நாட்டுக் குடிவரவுத் துறை இந்தியக் கடவுச்சீட்டைத் தர இயலாது. இந்த வேறுபாடு தெரியாமல் ஒரு வாசலில் கேட்க வேண்டியதை மற்றொரு வாசலில் கேட்டு அலைந்தவர்கள் பலர்.

கடவுச்சீட்டு யாருடைய சொத்து என்று கேட்டால், "என்னுடையது" என்றே எவரும் சொல்வார்கள். சட்டம் அவ்வாறு கூறவில்லை. 1967-ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, அது எக்காலத்தும் மத்திய அரசாங்கத்தின் சொத்தாகவே இருக்கிறது. நாம் அதனை வைத்திருப்பவர்கள் மட்டுமே. அந்தச் சட்டம் பிறந்த வரலாறும் அறியத்தக்கது. வெளிநாட்டுப் பயணம் செய்யும் உரிமை தனிமனித சுதந்தரத்தில் அடங்கும் என்றும், அதனை அதிகாரிகள் தம் விருப்பப்படி மறுத்தல் ஆகாது என்றும் 1967 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின், அதே ஆண்டு ஜூன் மாதத்தில் நாடாளுமன்றம் இச்சட்டத்தை இயற்றியது. ஆக, புத்தகம் அரசாங்கத்தின் சொத்து. பயணம் செய்யும் உரிமை குடிமகனுடையது. காரில் மறந்து விட்டது புத்தகத்தை மட்டுமே. உரிமை தொலையவில்லை, அந்த உரிமைக்கு ஆதாரமாக அலுவலகத்தில் உள்ள பதிவும் தொலையவில்லை. புதிய கடவுச்சீட்டுப் பெறுதல் என்பது, "அந்தப் பதிவுக்கு உரியவன் நானே" என்று மெய்ப்பித்தலே அன்றி வேறன்று.

மெய்ப்பிப்பதற்கு வேண்டிய நான்கு எண்கள் எவை என்று பெரியவர் கேட்டார். பழைய கடவுச்சீட்டின் எண் ஒன்று. ஓர் ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கங்களும் கொண்டது அது. அது வழங்கப்பட்ட தேதியும் இடமும் இரண்டாவது. கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் கோப்பு எண் மூன்றாவது. வெளிநாட்டு வசிப்பு அனுமதியின் எண் நான்காவது. இவை கையிலிருந்தால் தூதரகம் பழைய பதிவைத் தேடி எடுப்பது எளிதாகிறது. இவை இல்லாவிடினும் பெயரையும் பிறந்த தேதியையும் கொண்டு தேடலாம்; ஆனால் ஒரே பெயர் உடையோர் எத்தனை பேர்! நல்வினையாக, அந்தக் குடும்பத்தில் தாயார் மகனுடைய கடவுச்சீட்டின் முதற்பக்க நகலைத் தம் திருமணப் புடைவையின் மடிப்புக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தின் நகல் இல்லை. பலரும் புகைப்படம் உள்ள பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக் கொண்டு, பெற்றோர் பெயர், முகவரி, கோப்பு எண் ஆகியவை அடங்கிய கடைசிப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். முதற்பக்கம் முகம் என்றால், கடைசிப் பக்கம் குலமும் ஊரும் அல்லவா?

இனி, வெளிநாட்டில் இருப்பவர் செய்ய வேண்டியதைக் கூறுவோம். முதற்கண் அவ்வூர்க் காவல் நிலையத்தில் தொலைந்த செய்தியைப் பதிவு செய்து, அதற்கான எழுத்துச் சான்றைப் பெறுதல் வேண்டும். அடுத்து, தூதரகத்துக்கோ துணைத் தூதரகத்துக்கோ அறிவித்தல். மூன்றாவது, வரவழைத்த நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்தல். கடவுச்சீட்டு மனு இப்போது வலைத்தளத்தில் நிரப்பப்படுகிறது. பல நாடுகளில் மனுக்களை நேரில் பெற்றுக் கொள்ளும் பணியைத் தூதரகங்கள் வெளி நிறுவனங்களிடம் ஒப்படைத்திருக்கின்றன. எவ்வாறு எங்கே தொலைந்தது, முன்பு எப்போதாவது தொலைத்ததுண்டா என்பவற்றை விவரிக்கும் பிரமாணப் பத்திரம் ஒன்றும் கொடுக்க வேண்டும். வயது வந்தவருக்காக வீட்டிலுள்ளோர் இங்கிருந்து கடவுச்சீட்டு மனுச் செய்ய இயலாது; உரியவர் தாமே நேரில் நிற்க வேண்டும். "நான் பணம் கட்டி இங்கிருந்தே வாங்கித் தருகிறேன்" என்று எவரேனும் சொன்னால், அச்சொல்லை நம்ப வேண்டியதில்லை. நம் பெரியவரிடமும் அவ்வாறு ஒரு தரகர் வந்தார். ஒரே நாளில் முடித்துத் தருவதாகக் கூறி முன்பணம் வாங்கினார். பின்பு அவரைக் காணவில்லை.

தொலைந்ததாக அறிவித்துவிட்ட கடவுச்சீட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மறுநாளே கார் ஓட்டுநர் அதனைத் திருப்பிக் கொண்டுவந்து தரலாம். மகிழ்ச்சியே, ஆனால் அதனைக் கொண்டு பயணம் செய்தல் கூடாது. தொலைந்தவை, களவு போனவை ஆகியவற்றின் எண்களை நாடுகள் தம்முள் பகிர்ந்து கொள்கின்றன. சர்வதேசப் போலீஸ் அமைப்பான இன்டர்போல் இதற்கென 2002-ஆம் ஆண்டு முதல் ஒரு தொகுப்பை வைத்திருக்கிறது. ரத்தான புத்தகத்துடன் விமான நிலையத்தில் நிற்பவர், அது தம்முடையதே ஆயினும், தடுத்து நிறுத்தப்படலாம். ஆகவே கிடைத்த புத்தகத்தைத் தூதரகத்தில் ஒப்படைத்துவிடுதலே முறை. நன்றாகத் தேடிப் பார்த்த பின்னரே தொலைந்ததாக அறிவித்தல் நலம் என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

இப்பொழுது அந்த ஒன்பது நாட்களுக்கு வருவோம். தூதரகம் கொடுக்கக்கூடியவை இரண்டு. ஒன்று, புதிய கடவுச்சீட்டு. பழைய பதிவைச் சரிபார்க்க வேண்டியிருப்பதாலும், சில சமயம் இந்திய முகவரியில் போலீஸ் விசாரணை தேவைப்படுவதாலும் இதற்குக் காலம் பிடிக்கலாம். மற்றொன்று, எமர்ஜென்சி சர்டிபிகேட் எனப்படும் அவசரச் சான்றிதழ். இது தாயகம் திரும்புவதற்கு மட்டும் உதவும் ஒருவழிப் பத்திரம். இந்திய மண்ணில் காலடி வைத்ததோடு இதன் பயன் முடிந்துவிடுகிறது. அதன்பின் இங்கே புதிய கடவுச்சீட்டுக்கு மனுச் செய்து, அது வந்த பின்னர் வெளிநாட்டு வசிப்பு அனுமதியைப் புதிய எண்ணோடு இணைத்து, பிறகே திரும்பிச் செல்ல முடியும்.

ஆகவே குடும்பத்தின் முன் நின்ற வினா ஓர் அலுவலக வினா அன்று. தந்தையின் அறுவைக்கு முன் மகன் வர வேண்டுமானால், அவசரச் சான்றிதழில் வர வேண்டும், வேலைக்குத் திரும்புவது தாமதமாகும், சம்பளம் இழப்பாகும், வேலையே போனாலும் போகலாம். வேலையைக் காக்க வேண்டுமானால், புதிய கடவுச்சீட்டு வரும்வரை அங்கேயே காத்திருக்க வேண்டும். தந்தையைக் காணாமற் போகவும் கூடும். இந்த முடிவைத் தூதரகம் எடுக்க முடியாது; மொழிபெயர்ப்பாளனும் எடுக்க முடியாது. விஷயங்களை உள்ளபடி அறிந்து குடும்பமே எடுக்க வேண்டும். நாம் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று இருந்தது. ஐக்கிய அரபு நாடுகளில், பொதுவாக, வசிப்பு அனுமதி பெற்றவர் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே தங்கினால் அந்த அனுமதி செல்லாததாகும். ஆகவே வந்தாலும் கையில் ஆறு மாத அவகாசம் உண்டு. இதைக் கேட்டதும், "அப்படியானால் வரட்டும்" என்றார் பெரியவர்.

விசாவைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். ஒரு காலத்தில் வளைகுடா நாடுகளின் வசிப்பு அனுமதி கடவுச்சீட்டின் பக்கத்திலேயே ஒட்டப்பட்டது. புத்தகம் போனால் அனுமதியும் கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. ஐக்கிய அரபு நாடுகள் 2022 ஏப்ரல் முதல் அவ்வாறு ஒட்டுவதை நிறுத்தி, எமிரேட்ஸ் அடையாள அட்டையையே வசிப்புக்குச் சான்றாகக் கொண்டன. சவூதியில் இக்காமா அட்டை உண்டு. இவ்வாறு அனுமதி கணிப்பொறிப் பதிவில் இருப்பது ஆறுதலே. எனினும் அப்பதிவு பழைய கடவுச்சீட்டின் எண்ணோடு கட்டுண்டிருக்கிறது. புதிய எண் வந்ததும், வரவழைத்த நிறுவனத்தின் மூலம் அதனை மாற்றிக் கொள்ள வேண்டும். அந்த மாற்றத்துக்கு அந்நாட்டுத் துறையின் ஒப்புதல் கைக்கு வந்த பின்னரே விமானச் சீட்டு வாங்குவது அறிவுடைமை.

அமெரிக்காவின் முறை வேறு. அங்கே விசா என்பது நுழைவதற்கு மட்டுமே. உள்ளே தங்கும் காலத்தை வேறொரு வருகைப் பதிவு நிர்ணயிக்கிறது. விசா ஒட்டிய கடவுச்சீட்டு அங்கே தொலைந்தால், தங்கியிருப்பதற்கு உடனே பங்கம் இல்லை; ஆனால் வெளியே வந்து மீண்டும் நுழைய வேண்டுமானால் புதிய விசா வேண்டும். நிரந்தர வாசிகளின் பச்சை அட்டை, அவர் இந்தியாவுக்கு வந்த இடத்தில் தொலைந்தால், அமெரிக்கத் தூதரக அலுவலகத்தின் மூலம் விமானம் ஏறுவதற்கான தற்காலிக அனுமதியைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட நம் பிள்ளைகளுக்கு இந்தியக் கடவுச்சீட்டு இல்லை. அவர்களுடைய புத்தகம் தொலைந்தால் அவர்கள் நாட்டுத் தூதரகத்தையே அணுக வேண்டும். அவர்களிடமுள்ள வெளிநாட்டு இந்தியர் அட்டை தொலைந்தால் மட்டும் நம் அரசாங்கத்திடம் மாற்று அட்டைக்கு மனுச் செய்தல் வேண்டும்.

இனி, வீட்டிலிருப்போர் கடமை. இதில்தான் வேறு மாநிலத்தில் வாழும் தமிழர்களுக்கு இடர்கள் மிகுதி.

முதல் இடர் முகவரி. வாடகை வீட்டில் வாழ்வோர் வீடு மாற்றுகிறார்கள்; கடவுச்சீட்டின் கடைசிப் பக்கம் மாறுவதில்லை. இந்தக் குடும்பம் கரமனையில் இருந்தபோது எடுத்த கடவுச்சீட்டு அது. இப்பொழுது வலியசாலையில் இருக்கிறார்கள். போலீஸ்காரர் பழைய முகவரியில் போய் விசாரித்தால், "அப்படி ஒருவரும் இங்கே இல்லை" என்றுதான் புதிய குடித்தனக்காரர் சொல்வார். அது பொய்யன்று, ஆயினும் அந்த ஒரு வாக்கியம் மனுவைப் பல வாரங்கள் முடக்கிவிடும். ஆகவே மனுவில் தற்போதைய முகவரியையே எழுத வேண்டும். அதற்கான சான்றை முன்னரே ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டாருக்கும் விஷயத்தைத் தெரிவித்து வைக்க வேண்டும். "கடவுச்சீட்டு தமிழ்நாட்டில் எடுத்தது; ஆகையால் மதுரைக்கோ சென்னைக்கோதான் போக வேண்டும்" என்று எண்ணுவோர் உண்டு. அவ்வாறு இல்லை. 2018 ஜூன் முதல், நாட்டின் எந்தப் பகுதியில் உள்ளவரும் எந்த மண்டல அலுவலகத்தையும் தேர்ந்தெடுத்து மனுச் செய்யலாம். போலீஸ் விசாரணை மட்டும் மனுவில் கண்ட முகவரியில் நடைபெறும். கேரளத்தில் திருவனந்தபுரம், கொச்சி, கோழிக்கோடு ஆகிய மூன்று நகரங்களில் மண்டல அலுவலகங்கள் உள்ளன. திருவனந்தபுரத்து அலுவலகம் கைதமுக்கில் இருக்கிறது.

இரண்டாம் இடர் பெயர். மொழிபெயர்ப்புத் தொழிலில் நாம் நாள்தோறும் காண்பது இது. தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் தலையெழுத்தே உண்டு. கடவுச்சீட்டோ தலையெழுத்தை ஏற்பதில்லை. விரித்து எழுதச் சொல்கிறது. அதோடு, எழுத்துக்கூட்டல் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. சண்முகம் என்ற பெயரைத் தமிழ்நாட்டுப் பள்ளியில் ஒருவிதமாக எழுதுவார்கள். திருவனந்தபுரத்துப் பள்ளியில், மலையாள வழக்கையொட்டி, ஈற்றுக்கு முன்னே ஆங்கில 'எச்' எழுத்து ஒன்று வந்து சேரும். ஒலி ஒன்றே, கணிப்பொறிக்கோ இருவரும் வெவ்வேறு மனிதர். ஊர்ப் பெயரும் அவ்வாறே. இந்நகரத்தின் ஆங்கிலப் பெயர் 1991-இல் திருவனந்தபுரம் என மாற்றப்பட்டது; அதற்கு முந்திய சான்றுகளில் டிரிவாண்டரம் என்றே இருக்கும். மதராஸ் சென்னையானது 1996-இல்.

இவற்றுக்கெல்லாம் நாம் கூறும் யோசனை ஒன்றே. தொலைந்ததற்கு மாற்றுக் கேட்கும்போது, பழைய புத்தகத்தில் பெயர் எவ்வாறு இருந்ததோ, ஓர் எழுத்தும் மாறாமல் அவ்வாறே எழுதுக. "இதுதான் சமயம், பிழையைத் திருத்திவிடலாம்" என்று எண்ணுதல் வேண்டாம். தொலைவும் திருத்தமும் ஒரே மனுவில் வந்தால் ஐயம் வளர்கிறது, விசாரணை நீள்கிறது. மேலும், வெளிநாட்டு வசிப்பு அனுமதி பழைய எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்பதை மறத்தல் ஆகாது. திருத்தம் வேண்டுமானால், எல்லாம் நிலைபெற்ற பின் தனியே செய்து கொள்ளலாம். ஒற்றைப் பெயர் உடையோருக்கு ஒரு குறிப்பு: கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ள வருகை, சுற்றுலாப் பயணிகளை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு நாடுகள் 2022 நவம்பரில் அறிவித்து, பின்னர் கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருப்பின் ஏற்பதாக விளக்கம் கொடுத்தன. இத்தகைய விதிகளைப் பயணத்துக்கு முன் விசாரித்து அறிதல் நலம்.

மூன்றாம் இடர், பத்தாம் வகுப்புச் சான்று. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வேலைக்காகச் சில நாடுகளுக்குப் போகும்போது குடிபெயர்வுச் சோதனைக்கு உட்படுகிறார்கள். வளைகுடா நாடுகள் இப்பட்டியலில் அடங்கும். புதிய கடவுச்சீட்டுக்கு மனுச் செய்யும்போது படிப்புச் சான்றைக் காட்டாவிடில், படித்தவருடைய புத்தகத்திலும் 'சோதனை தேவை' என்ற குறிப்பு விழக்கூடும். அது விமான நிலையத்தில் தொல்லையாக முடியும். மலையாளத்திலோ தமிழிலோ மட்டும் உள்ள சான்றுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பை நோட்டரி கையொப்பத்துடன் எடுத்து வைத்தல் நன்று. பட்டச் சான்றுகளும் அதே பையில் போயிருந்தால், பல்கலைக்கழகத்தில் மாற்றுப் பிரதி பெற்று, அச்சான்றை வழங்கிய மாநிலத்திலேயே மீண்டும் சான்றொப்பம் வாங்க வேண்டியிருக்கும். கேரளச் சான்றுகளுக்குத் திருவனந்தபுரம் தைக்காட்டிலுள்ள நோர்க்கா அலுவலகம் இப்பணியைச் செய்கிறது. தமிழ்நாட்டுச் சான்றுகளுக்குத் தமிழ்நாட்டு அரசை அணுக வேண்டும்.

இது நிற்க. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் இங்கே தொலைப்பதும் உண்டு. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. வளைகுடாவிலிருந்து பலர் ஓணத்துக்காக ஊர் வரும் காலம் அது. அலமாரியோடு ஆவணங்களும் நீரில் மூழ்கின. வெள்ளத்தில் தொலைந்த, சேதமுற்ற கடவுச்சீட்டுகளுக்குக் கட்டணம் இன்றி மாற்றுத் தரப்படும் என்று அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் அறிவித்தார். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போதும் இத்தகைய சலுகை அளிக்கப்பட்டது. சாதாரண காலத்தில் இச்சலுகை இல்லை. 36 பக்கப் புத்தகத்துக்கு வழக்கமான கட்டணம் 1,500 ரூபாய் என்றால், தொலைந்ததற்கு மாற்றுப் பெற 3,000 ரூபாய் ஆகும். வெள்ளம் கற்பித்த பாடம் பணத்தைப் பற்றியதன்று. மூலமும் நகலும் ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும் என்பதே அப்பாடம்.

தொலையாத கடவுச்சீட்டைத் தொலைந்ததாகச் சொல்லும் வழக்கத்தைப் பற்றியும் கூற வேண்டும். தொழிலாளியின் கடவுச்சீட்டை முதலாளி வாங்கிப் பூட்டி வைத்துக் கொள்வது வளைகுடாவில் நெடுநாளையக் கொடுமை. இன்று அங்குள்ள சட்டங்களே அதனைத் தடுக்கின்றன. கத்தார் நாட்டின் 2015-ஆம் ஆண்டு 21-ஆம் எண் சட்டம் இதற்கு ஓர் உதாரணம். எனினும், "கேட்டால் தரமாட்டார், தொலைந்தது என்று எழுதிவிடு" என்று நண்பர்கள் யோசனை கூறுவதுண்டு. இது அபாயமான யோசனை. பொய்த் தகவல் கொடுத்துக் கடவுச்சீட்டுப் பெறுவது 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி இரண்டாண்டுச் சிறைக்கும் 5,000 ரூபாய் அபராதத்துக்கும் இடமான குற்றம். உண்மையை உள்ளபடி தூதரகத்தில் சொல்வதே காப்பு. முதலாளியிடம் பேசவும், நிர்க்கதியாய் நிற்போருக்கு உதவவும் தூதரகங்களுக்கு வழியுண்டு. இந்திய சமூக நல நிதி என்பது 2009-இல் இதற்கெனவே ஏற்பட்டது. குறைகளை இங்கிருந்தே குடும்பத்தார் தெரிவிக்க 'மதத்' என்னும் வலைத்தளம் 2015 முதல் இருக்கிறது.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது, கடவுச்சீட்டை முதலாளியிடம் விட்டிருந்தவர்கள் பட்ட பாடு கேரளத்தில் இன்னும் மறக்கப்படவில்லை. முதலாளி நாட்டைவிட்டே ஓடிவிட்டார். அலுவலகம் பூட்டிக் கிடந்தது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்கிருந்து மீட்கப்பட்டனர்; ஜோர்டானின் அம்மான் நகரிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் 59 நாட்களில் 488 முறை பறந்தன. கையில் புத்தகம் இல்லாதவர்களுக்குத் தூதரகம் தற்காலிகப் பத்திரம் எழுதிக் கொடுத்தது. அந்நெருக்கடியிலும், பழைய நகலோ, எண் குறித்த துண்டுக் காகிதமோ வைத்திருந்தவர் தம்மை இன்னார் என்று காட்டுவது எளிதாயிருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, இதனைப் படிக்கும் அன்பர்களுக்கு நாம் வேண்டிக்கொள்வது ஒரு மாலைப் பொழுதின் வேலை. வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒவ்வொருவருக்கும் ஓர் உறை எடுத்து, அதில் கடவுச்சீட்டின் முதற்பக்கம், கடைசிப் பக்கம், விசா அல்லது வசிப்பு அட்டையின் இரு புறம், பிறப்புச் சான்று, பத்தாம் வகுப்புச் சான்று, மணமானவராயின் திருமணச் சான்று ஆகியவற்றின் நகல்களை இடுக. வரவழைத்த நிறுவனத்தின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மேலே எழுதுக. ஓர் உறை வீட்டில். ஒன்று சொந்த ஊரில் நம்பிக்கையான உறவினரிடம். ஒன்று வெளிநாட்டில், கடவுச்சீட்டு இருக்கும் பையில் அன்றி வேறிடத்தில். இந்நகல்களின் படத்தைக் கைபேசிக் குழுக்களில் பலர் காணப் பரப்புதல் வேண்டாம். நமக்கு உதவும் எண்கள் ஏமாற்றுக்காரருக்கும் உதவும். பயணம் குறித்த பொது விசாரணைக்கு 1800-258-1800 என்ற கட்டணமற்ற எண்ணில் கடவுச்சீட்டுச் சேவை மையம் விடை கூறுகிறது. தூதரகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களுக்கு விடை கூற வேண்டியதில்லை.

வலியசாலைக் குடும்பத்தின் கதையை முடித்துவிடுவோம். தாயாரின் புடைவை மடிப்பிலிருந்த நகலைக் கொண்டு, மகன் ஷார்ஜாவில் போலீஸ் சான்று பெற்று, துபாய்த் துணைத் தூதரகத்தின் அவசரச் சான்றிதழோடு அறுவைக்கு முந்திய நாள் இரவு திருவனந்தபுரம் வந்து இறங்கினான். மறுநாள் பிற்பகல் தந்தை கண் திறந்தபோது அவன் கட்டிலின் அருகே நின்றான். அதன்பின் கைதமுக்குக்கும் காவல் நிலையத்துக்கும் நடந்தான். பெயரில் ஒரு 'எச்' எழுத்து ஆதார் அட்டையில் மிகையாயிருந்ததால் இரண்டு வாரம் இழந்தான். மூன்று மாதச் சம்பளமும் போயிற்று. ஆறு மாதம் நிறைவதற்கு முன்பே வேலைக்குத் திரும்பினான்.

புறப்படுவதற்கு முதல் நாள் அவன் நம் வீட்டுக்கு வந்தான். புதிய கடவுச்சீட்டின் நகல்கள் மூன்று எடுத்திருந்தான். கடைசிப் பக்கமும் சேர்த்து. "ஒன்று அம்மாவிடம், ஒன்று திருநெல்வேலியில் அத்தையிடம், ஒன்று என் அறையில்" என்றான். நாம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது எதுவும் மிச்சமிருக்கவில்லை.